வீட்டுத் தோட்டத்தில் தட்டைப்பயறு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் வீட்டுப் பின்புறத்திலோ மொட்டை மாடியிலோ தட்டைப்பயறு போட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் பாதி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இந்தப் பயிர் கெட்டுப்போவது பெரும்பாலும் நாம் அளவுக்கு மீறிக் கவனிப்பதால்தான். தண்ணீரையும் உரத்தையும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலே அது நன்றாக வரும். எங்கே கவனம் வேண்டுமோ அங்கே மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

தட்டைப்பயறு, காராமணி, பெரும்பயறு, பயத்தங்காய் எல்லாம் ஒரே செடியா?

ஒரே இனம். பயறுக்காக வளர்ப்பது, பச்சைக் காய்க்காக வளர்ப்பது, மாட்டுத் தீவனத்துக்கு வளர்ப்பது என்று வகைகள்தான் வேறு. நமக்குத் தெரிய வேண்டியது அது எப்படி வளரும் என்பது. குத்துச்செடி முழங்கால் உயரத்தில் நின்றுவிடும், கொம்பு வேண்டாம். படரும் வகை தரையில் நாலு பக்கமும் ஓடும். கொடி வகைக்குப் பந்தலோ கம்போ கட்டாயம் வேண்டும். முழ நீளத்தில் தொங்கும் பயத்தங்காய் இதில்தான் வரும். விதை வாங்கும்போது கடை அண்ணாச்சியிடம் "குத்தா, கொடியா? காய்க்கா, பயறுக்கா?" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். கொடி வகையைக் குத்து என்று நினைத்துத் தொட்டியில் போட்டால், அது பக்கத்துத் துணிக்கொடியில் ஏறி நிற்கும்.

எந்த மாதம் விதைப்பது நல்லது?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் நம் சீமைக்குள்ளேயே நாலு விதமான ஊர்கள் இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே தேதி சொல்ல முடியாது.

தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் இருக்கும். மண் ஈரமாகவே இருப்பதால் அப்போது குத்து வகையைத் தாராளமாக விதைக்கலாம். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் அதே ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்துத் தூக்கும். அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அம்மியையே நகர்த்தும் என்று பேர் வாங்கிய ஆடிக்காற்றில் பயத்தங்கொடி தாங்காது. தளிர் முறுக்கிக்கொள்ளும், பூ உதிரும், பந்தல் சாயும். அந்த ஊர்க்காரர்கள் ஆடியில் போட்டே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குக் கிழக்கே, சுவர் மறைவில், குத்துச்செடி மட்டும் போடுங்கள். கொடிக்கு ஆவணிக் கடைசி வரை பொறுங்கள்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலில் மானாவாரி விவசாயிகள் வடகிழக்குப் பருவமழையின் முதல் மழையை எதிர்பார்த்துத்தான் பயறு விதைக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் கையில் தண்ணீர் இருப்பதால் அதற்கும் முன்பாக, புரட்டாசித் தொடக்கத்திலேயே போட்டுவிடலாம். பெருமழை வருவதற்குள் செடி வேர் பிடித்து நின்றுவிடும். ஐப்பசி நடுவில் இருந்து கார்த்திகை முடிய புதிதாக விதைக்க வேண்டாம். சொதசொதத்த மண்ணில் விதை அழுகும்.

என்னைக் கேட்டால், தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு, அதாவது அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்கு, தை கடைசியும் மாசியும்தான் அருமையான காலம். பிசான நெல் அறுத்த வயல்களில் உளுந்து போடும் நேரம் அது. பனி குறைந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பூசண நோயும் குறைவு. பங்குனி, சித்திரையில் காய் பறித்துவிடலாம்.

சமைக்க வாங்கிய பயறையே விதைக்கலாமா?

விதைக்கலாம், முளைக்கும். ஆனால் அது எந்த ரகம், எத்தனை வருஷம் கிடங்கில் கிடந்தது, வண்டு தின்றதா என்பதெல்லாம் தெரியாது. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயாமல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். நாலாம் நாள் பிரித்துப் பார்த்தால் பதினாறுக்கு மேல் முளைத்திருக்க வேண்டும். பத்துதான் முளைத்தது என்றால் குழிக்கு இரண்டு மடங்கு போடுவதைவிட வேறு விதை தேடுவது நல்லது. பாதி செத்த விதையில் மீதியும் வீரியமில்லாமல்தான் வரும்.

நல்ல ரகங்கள் எவை?

பயறுக்கு என்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 6, கோ சிபி 7, புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 1, வம்பன் 3 ஆகியவை குத்து வகைகள். ஏறக்குறைய 65 முதல் 80 நாளில் முடிந்துவிடும். பச்சைக் காய்க்கு கோ 2, வம்பன் 2 கேட்டுப் பாருங்கள். செங்கோட்டை தாண்டினால் கேரளம். அந்தப் பக்கம் போய்வருபவர்கள் இருந்தால் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் லோலா, வைஜயந்தி என்ற நீளக்காய்க் கொடி ரகங்களைச் சொல்லி அனுப்பலாம்; வைஜயந்தியின் காய் கருஞ்சிவப்பாக இருக்கும். குத்தாக வேண்டுமென்றால் பாக்கியலட்சுமி.

இதையெல்லாம்விட, உங்கள் ஊரில் யாராவது ஒரு பாட்டி புறவாசலில் வருஷா வருஷம் போட்டு எடுக்கும் விதை கிடைத்தால் அதைத்தான் முதலில் வாங்குவேன். அந்த மண்ணிலும் அந்தத் தண்ணீரிலும் பல தலைமுறை விளைந்து தேறிய விதை அது.

விதையை ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டுமா?

வேண்டாம். பலரும் நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறு இது. தட்டைப்பயறின் தோல் மெல்லியது. நம் ஊர் வெயிலில் சூடேறிய மண்ணில் ஈரம் இருந்தாலே மூன்று, நாலு நாளில் முளைத்துவிடும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் விதை சட்டென்று ஊதி, உள்ளே பருப்பு கீறல் விடும். சத்தும் தண்ணீரில் இறங்கிவிடும். அதை எடுத்து மண்ணில் போட்டால் முளைக்கும் முன்னே அழுகும். காய்ந்த விதையை ஈர மண்ணில் போடுவதுதான் முறை. முதல் நாள் சாயங்காலம் பாத்திக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் மண் பொலபொலவென்று இருக்கும்போது விதையுங்கள்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி?

ஆள்காட்டி விரலின் முதல் கணு அளவு ஆழம். குத்துச்செடிக்குச் செடிக்குச் செடி ஒரு சாண், வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. கொடிக்கு இரண்டடி விட்டு, குழிக்கு இரண்டு விதை. மேலே மண்ணை அழுத்தி மெழுக வேண்டாம். இந்தச் செடி தன் பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். வண்டல் மண்ணில் ஒரு மழை பெய்து மேலே ஓடு கட்டிவிட்டால், அதை உடைக்க முடியாமல் கழுத்து முறிந்துவிடும். அப்படி ஓடு கட்டினால் பூவாளியால் லேசாக நனைத்து விடுங்கள், போதும்.

ரைசோபியம் கலக்க வேண்டுமா? அது என்ன செய்யும்?

பயறுச் செடியின் வேரில் குடியிருந்து, காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா அது. வேளாண் விரிவாக்க மையங்களில் 200 கிராம் பொட்டலமாகக் கிடைக்கும், ஒரு ஏக்கருக்கான விதைக்கு அது போதும். நமக்கு ஒரு கைப்பிடி விதைக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். ஆறிய வடிகஞ்சியில் குழைத்து, விதையோடு புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும்.

எல்லாருக்கும் இது அவசியம் இல்லை. ஏற்கனவே உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு விளைந்த மண் என்றால் அங்கே பாக்டீரியா இருக்கும். மாடித்தோட்டத்தில் தென்னை நார்க்கழிவும் உரமும் மட்டும் கலந்து நிரப்பிய பைகளில்தான் அது இருக்காது. பொட்டலம் கிடைக்காவிட்டால் பயறு விளைந்த வயலில் இருந்து ஒரு சட்டி மண் அள்ளி வந்து பைகளில் கலந்துவிடுங்கள்.

வேலை நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். விதைத்து ஒரு மாதம் ஆனதும், நெருக்கமாக இருக்கும் செடிகளில் ஒன்றை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வாளித் தண்ணீரில் வேரை அலசினால் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்தது போல் இருந்தால் முடிச்சு உயிரோடு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது ஓய்ந்துவிட்டது. உருண்டையாக ஒட்டாமல் வேரே ஆங்காங்கே வீங்கி, தேய்த்தாலும் உதிராமல் இருந்தால் அது நூற்புழு. மணல்பாங்கான இடங்களில் இது அதிகம். அந்த இடத்தில் அடுத்த போகம் கேந்திப்பூ போட்டு, அதற்கப்புறம் பயறுக்கு வாருங்கள்.

அப்படியென்றால் உரமே வேண்டாமா?

தழைச்சத்து உரம் வேண்டாம். யூரியாவைக் கையில் எடுக்கவே வேண்டாம். மண்ணில் தழைச்சத்து நிறைய இருந்தால் செடி முடிச்சு கட்டாது, இலையாகவே தள்ளும். விதைக்கும் முன் சதுர மீட்டருக்கு ஒரு சட்டி மக்கிய சாணமோ ஆட்டுப் புழுக்கையோ கலந்தால் போதும், கூடவே ஒரு கைப்பிடி சாம்பல்.

பூக்கும்போது மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம். பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். ரசாயன உரம் பயன்படுத்துபவர்களுக்கு டி.ஏ.பி. கரைசல் இருக்கிறது: லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் முதல் நாள் கொஞ்சத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்ததை மட்டும் வடிகட்டி, மீதித் தண்ணீர் சேர்த்து, சாயங்காலம் தெளிக்க வேண்டும். பூவெடுக்கும் போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை.

எங்கள் ஊர் தேரி மணல். திசையன்விளை, உடன்குடிப் பக்கம். வருமா?

நன்றாகவே வரும். மணலில் வேறு பயிர் தவிக்கும் இடத்திலும் தட்டைப்பயறு தாக்குப்பிடிக்கும். தண்ணீரும் சத்தும் நிற்காமல் இறங்குவதுதான் தேரியின் குறை. குளத்துக் கரம்பை கிடைத்தால் குழிக்கு ஒரு சட்டி போடுங்கள். செடியைச் சுற்றி மட்கிய இலையோ தென்னந்தும்போ மூடாக்காகப் பரப்புங்கள். கடலோரத்தில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைநீர் பிடித்து வைத்திருப்பவர்கள், செடி சின்னதாக இருக்கும் முதல் மூன்று வாரத்துக்காவது அதைக் கொடுங்கள்.

கரிசல்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டும். மேட்டுப்பாத்தி கட்டி, அதன் மேல் விதையுங்கள்.

முளைத்து வந்த மறுநாளே தலையைக் காணோம். என்ன தின்கிறது?

தண்டு நட்டமாக நின்று மேலே மட்டும் கத்தரித்தது போல் இருந்தால் மயில் அல்லது கோழி. மண்ணைக் கிளறி விதையையே எடுத்திருந்தால் அணில். இலையில் ஓட்டையும் பக்கத்தில் பளபளவென்று கோடும் இருந்தால் நத்தை. நம் பக்கம் மயில் தொல்லை சாதாரணமாகச் சொல்லித் தீராது. விதைத்த அன்றே பாத்திமேல் உடைமுள் கிளைகளைப் பரப்பிவிடுவதுதான் எனக்குத் தெரிந்து நிச்சயமான வழி. முள் கையில் ஏறாத இடமாக வேண்டும் என்பவர்கள் பழைய மீன்வலை கட்டலாம், தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் தாராளமாகக் கிடைக்கும். முதல் மூன்றிலை விரிந்ததும் எடுத்துவிடலாம். அதற்கப்புறம் அவ்வளவாகத் தொடாது.

மொட்டை மாடியில் பையில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஓரடி அகலம், ஓரடி ஆழம் உள்ள குரோ பேக்கில் குத்துச்செடி இரண்டு. கொடி என்றால் ஒன்றரை அடிப் பையில் இரண்டு. மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்து மாடி எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியில் ஓட்டை அடைபடாமல் தண்ணீரும் வடியும், வேரும் வேகாது. ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு நாள் பொரியலுக்குக் காய் வேண்டுமென்றால் ஏழெட்டுக் கொடியாவது இருக்க வேண்டும். இரண்டு செடியை வைத்துக்கொண்டு காய்க்கவில்லை என்று வருத்தப்படக் கூடாது.

தினமும் தண்ணீர் விட வேண்டுமா?

தரையில் என்றால் வேண்டாம். முளைக்கும் வரை ஈரம், அப்புறம் நாலைந்து நாளைக்கு ஒருமுறை, மொட்டு கட்டியதும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. மண்ணைப் பார்த்து நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பையில் கோடையில் தினமும் வேண்டியிருக்கும். பூக்கும் நாளிலும் பிஞ்சு இறங்கும் நாளிலும் மட்டும் வாடவிடக் கூடாது. அந்தப் பத்துப் பதினைந்து நாள் காய்ந்தால் அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டாலும் போன பிஞ்சு வராது.

மத்தியானம் ஒரு மணிக்கு இலைகள் தொங்குவதைப் பார்த்துப் பதறி, வாளியைத் தூக்க வேண்டாம். உச்சி வெயிலில் இந்தச் செடி தன் இலைகளைத் திருப்பி, தட்டையான பக்கம் வெயிலில் படாமல் விளிம்பை மட்டும் காட்டி நிற்கும். தன்னைக் காத்துக்கொள்ள அது செய்யும் வேலை அது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மறுபடி பாருங்கள். இலை பழையபடி விரிந்திருந்தால் தண்ணீர் தேவையில்லை. விடிகாலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம்.

கொடி ஆளுயரம் போய்விட்டது. பூவே காணோம், ஏன்?

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். உரம் அதிகம், நிழல் அதிகம், இல்லாவிட்டால் பருவம் இன்னும் வரவில்லை. கருகருவென்ற அகல இலை, தடித்த தண்டு என்றால் உரம்தான். எல்லாவற்றையும் நிறுத்துங்கள், தண்ணீரையும் ஒரு வாரம் குறையுங்கள், கொடி நுனியைக் கிள்ளிவிடுங்கள். கணுக்கள் நீண்டு, வெளிறி இருந்தால் வெயில் போதவில்லை. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் பொறுங்கள். பழைய நாட்டுக் கொடி வகைகளில் சில, பகல் குறைந்தால்தான் பூக்கும். ஆனியில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் புரட்டாசி, ஐப்பசி வரை இலையாகவே ஓடிவிட்டு, அப்புறம் ஒரே சமயத்தில் பூத்துத் தள்ளும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் நல்ல விதை ஒன்று உங்கள் கையை விட்டுப் போனதாகத்தான் அர்த்தம்.

பூக்கிறது, ஆனால் எல்லாம் உதிர்கிறது.

எல்லாப் பூவும் காயாகாது. விடியும் நேரத்தில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும் பூ இது. ஒரு காம்பில் பல மொட்டு வந்தாலும் இரண்டு காய், மிஞ்சினால் மூன்று காய்தான் நிற்கும். மற்றவை உதிர்வது இயல்பு. காம்பில் ஒன்றுகூட நிற்காவிட்டால்தான் பார்க்க வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் ராத்திரியும் வெக்கை குறையாது. அப்போது மகரந்தம் பழுதாகிப் பிஞ்சு பிடிக்காது. நாம் செய்ய ஒன்றுமில்லை. கொடியைக் காப்பாற்றி வைத்திருந்தால் வெக்கை தணிந்ததும் பிடிக்கும். பூவுக்குத் தண்ணீர் குறைந்தாலும் உதிரும், மழை பூவில் அடித்தாலும் உதிரும். விவசாயிகளுக்காகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விற்கும் பயறு ஒண்டர் என்ற நுண்ணூட்டக் கலவை இதற்கு உதவும். ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டரில் கரைத்துப் பூக்கும்போது தெளிக்கச் சொல்கிறார்கள், அப்படியானால் நமக்கு லிட்டருக்கு 10 கிராம்.

செடி முழுக்க எறும்பு. மருந்து போடலாமா?

அவசரப்படாமல் கிட்டே போய்ப் பாருங்கள். எறும்பு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பூக்காம்பின் நுனியில், இரண்டு பூ வரும் இடத்துக்கு நடுவே, சின்ன மேடு ஒன்று இருக்கும். காலையில் அதில் தேன் கசிந்து மினுங்கும். எறும்பு அங்கே வந்து நின்று அதைக் குடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். செடியே அதற்குச் சாப்பாடு போட்டு வரவழைத்திருக்கிறது. காம்பில் ஏறும் புழுவையும் முட்டையையும் அந்த எறும்பு விரட்டும்.

அதே எறும்பு இளந்தளிரில், இலைக்கு அடியில், பிஞ்சைச் சுற்றி மொய்த்தால் அங்கே கறுப்பு அசுவினி இருக்கிறது. எள்ளை அப்பி வைத்தது போல் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதை மேய்த்துக் காவல் காக்கும். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு நுனியில்தான் இருக்கும். அந்த நுனியைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். பரவிவிட்டால் குழாய்த் தண்ணீரை விசையாக அடியுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும். அப்படியும் தீரவில்லையென்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்பும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

தெளிக்கும் முன் ஒன்று பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்குள் சிவப்பில் கறுப்புப் புள்ளி வண்டோ, முதலை வடிவத்தில் சாம்பல் நிறக் குட்டிப் புழுவோ நடமாடினால் மருந்தைக் கீழே வையுங்கள். பொறிவண்டும் அதன் குஞ்சும்தான் அவை. ஒரு வாரம் விட்டுவிட்டால் சுத்தமாகத் தின்று முடித்துவிடும். அந்தப் புழுவைத் தெரியாமல் நசுக்குகிறவர்கள் ஏராளம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பூவும் பிஞ்சும் நூலாம்படை போல் ஒட்டிக்கிடக்கின்றன, காயில் ஓட்டை.

புள்ளிக் காய்ப்புழு. பூக்களையும் காயையும் நூலால் பின்னி, உள்ளே இருந்து தின்னும். வெளியே தெளிக்கும் மருந்து அந்தப் பின்னலுக்குள் சரியாகப் போகாது. கையால் பறித்து நசுக்குவதுதான் வீட்டுத் தோட்டத்துக்குச் சரியான வழி. மொட்டு விடும் நாளிலேயே வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் முட்டை வைப்பது குறையும்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்க வேண்டும். ஆனி, ஆடியில் வேப்பமுத்து பொறுக்கிக் காயவைத்தவர்களுக்குச் செலவே இல்லை.

காய் ஓட்டையில்லாமல் சுருங்கி, உள்ளே விதை சூம்பிப் போயிருந்தால் நாவாய்ப்பூச்சி உறிஞ்சியிருக்கிறது. காலைக் குளிரில் அது மந்தமாக இருக்கும்போது தட்டி, சோப்புத் தண்ணீரில் விழவையுங்கள்.

இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு. இது சத்துக்குறையா?

அடியிலை மட்டும் சீராக மஞ்சளானால் வயசாகி உதிர்கிறது, விடுங்கள். புது இலைகளே திட்டுத்திட்டாக, சுருங்கி, கொப்புளம் போல் வந்தால் தேமல், வைரஸ் நோய். மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதில் காய்த்த காயைச் சமைக்கலாம், விதைக்கு மட்டும் வைக்காதீர்கள். இந்த வைரஸ்களில் சில விதை வழியாகவே அடுத்த போகத்துக்கு வரும். மார்கழி, தையில் இலைமேல் மாவு தூவியது போல் இருந்தால் சாம்பல் நோய். காற்று ஓடும்படி இலைகளைக் கழித்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம்.

எப்போது பறிக்க வேண்டும்?

பச்சைக் காய் என்றால் விதை வெளியே புடைத்துத் தெரியும் முன். வளைத்தால் "டக்" என்று ஒடிய வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். கொடியில் முற்றிய காய் தொங்கினால் செடி விதையை நிரப்பப் போய்விடும், புதுப் பூ குறையும். காயை மட்டும் கிள்ளுங்கள், காம்போடு இழுக்காதீர்கள். அதே காம்பில் மறுபடி பூ வரும்.

விதையை அடுத்த வருஷத்துக்கு எப்படி வைப்பது? எப்போதும் வண்டு விழுந்துவிடுகிறது.

தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி என்பதால் இதில் விதை எடுப்பது சுலபம். பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் பெரும்பாலும் கலக்காது. நன்றாகக் காய்த்த, தேமல் இல்லாத நாலைந்து செடிகளுக்கு இப்போதே கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றில் பச்சைக் காய் பறிக்காதீர்கள். காய் கொடியிலேயே வைக்கோல் நிறமாகி, ஆட்டினால் கலகலக்க வேண்டும். மழை வருகிறதென்றால் ஒருநாள் முன்பே பறித்துவிடுங்கள், நனைந்தால் காய்க்குள்ளேயே முளைக்கும்.

வண்டு வீட்டில் வருவதில்லை, பெரும்பாலும் தோட்டத்திலேயே வந்துவிடுகிறது. விதையை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராக விதைக்குள் துளைத்துப் போய், உள்ளேயே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். அந்த வண்டு அடுத்த விதைமேல் முட்டையிடும். அதனால் டப்பாவில் போட்டு மூடிவிட்டால் மட்டும் தீராது.

கடித்தால் பல் பதியாமல் உடையும் அளவுக்கு நாலைந்து வெயில் காயப்போடுங்கள். ஆறியபின் முட்டை ஒட்டிய விதைகளைப் பொறுக்கி நீக்குங்கள். கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ விட்டு, எல்லா விதையும் மினுங்கும்படி பிசறினால் முட்டை ஒட்டாது, ஒட்டினாலும் பொரியாது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். தட்டைப்பயறுக்கும் அது நன்றாகவே பொருந்தும். ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப்புகாத பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுக்கலாம். எடுத்ததும் மூடியைத் திறக்காமல், பாட்டில் வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

இன்னொன்று. விதையை இரண்டு வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, தாமிரபரணியும் கரை மீறியபோது, நம் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியொரு நாளில் அடுக்களை அலமாரியில் இருக்கும் விதைப் பாட்டில் போனால், அந்த வகை உங்கள் குடும்பத்தை விட்டே போய்விடும். மேட்டுப்பாங்கான ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் ஒரு கைப்பிடி கொடுத்து வையுங்கள். அவர் விதைத்தால் இன்னும் நல்லது.

காய்ப்பு ஓய்ந்த செடியை என்ன செய்வது?

பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்துவிடுங்கள். வேர் மண்ணிலேயே மட்கட்டும். தழையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடலாம், இல்லையென்றால் அங்கேயே மூடாக்கு. அடுத்து அதே இடத்தில் கத்தரி, வெண்டை, கீரை எது போட்டாலும் வரும். பயறை மட்டும் ஒரு போகம் இடம் மாற்றுங்கள்.

இளம் இலையைச் சமைக்கலாமா? காயாத பச்சைத் தட்டைப்பயறை?

இரண்டுமே சமைக்கலாம். கொடி ஓடும் நாளில் நுனிக் கொழுந்தைக் கிள்ளி, முருங்கைக்கீரை போலவே வதக்கித் தேங்காய் போட்டு இறக்கலாம். ஒரே செடியில் நிறையக் கிள்ள வேண்டாம். காய் பழுக்கத் தொடங்கி, தோல் மங்கும் நேரத்தில் உரித்தால் உள்ளே பயறு பச்சையாக, பஞ்சு போல் இருக்கும். காய்ந்த பயறு மாதிரி ஊறவைக்கத் தேவையில்லை, கால்மணி நேரத்தில் வெந்துவிடும். அந்தப் பதத்தில் கத்தரிக்காயோடு புளிக்குழம்பு வைத்துப் பாருங்கள். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி, கடைசியில் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் போதும். கடையில் இந்தக் காயாத பயறு கிடைப்பது அபூர்வம். வீட்டில் போட்டவர்களுக்குத்தான் வாய்க்கும்.